சின்ன விமானத்தில் போகுமுன்

நம் சங்க அன்பர்களுக்கு விமானப் பயணம் புதிதல்ல. ஒரு காலத்தில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் புளியோதரைப் பொட்டலத்துடன் இரண்டு இரவு உட்கார்ந்து வந்தவர்கள், இன்று தில்லியில் காலைக் காபியை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னை போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அதெல்லாம் பெரிய ஜெட் விமானம். இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானத்தைக் கண்டால் நம்மில் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசின் 'உடான்' திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவுக்கும் தில்லிக்கும் இடையே பறந்தது. 2018-இல் சென்னையிலிருந்து சேலத்துக்கும், 2019-இல் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் சின்ன விமானங்கள் போயின. ஆகவே இன்றில்லாவிட்டாலும் என்றாவது ஒரு நாள் நீங்களும் இதில் ஏற நேரலாம்.

என் மாப்பிள்ளைக்கு தரம்சாலா பக்கம் உத்தியோகம் ஆனதிலிருந்து நானும் மனைவியும் சில தடவை போய் வந்திருக்கிறோம். தரம்சாலாவின் விமான நிலையம் இருக்கும் ஊருக்குக் கக்கல் என்று பெயர். "பேரே சரியில்லையே, வயித்தைப் புரட்டுமோ?" என்றாள் என் மனைவி. நான் உழைத்தது ரயில்வேயில். விமானம் என் துறையல்ல. ஆனாலும் எந்திரத்தோடு பழகியவன் என்பதால், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லப்போகிறேன்.

விசிறி என்றால் பழசா?

"ஏங்க, இது பழைய காலத்து விமானமா?" இது மனைவியின் முதல் கேள்வி. இல்லை. நாங்கள் போனது ஏ.டி.ஆர். 72 என்ற வகை; பிரான்சு, இத்தாலி நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு. சுமார் 70 பேர் உட்காரலாம். உள்ளே இருப்பது ஜெட் விமானத்தில் உள்ளதைப் போன்ற டர்பைன் என்ஜின்தான். அந்த டர்பைன் விசிறியைச் சுழற்றுகிறது என்பதே வித்தியாசம். குறைந்த தூரத்துக்கும் குட்டையான ஓடுபாதைக்கும் இந்த அமைப்பில் எரிபொருள் குறைவாகச் செலவாகும்.

ரயில்வேக்காரர்களுக்குப் புரியும்படி ஒரு கணக்கு சொல்கிறேன். நம் நாட்டில் பல்லாண்டுகள் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜினின் சக்தி 2,600 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 112 டன். இந்த விமானத்தின் ஒவ்வொரு என்ஜினும் ஏறத்தாழ 2,500 குதிரைத்திறன் தருகிறது. அதன் எடையோ அரை டன்தான். அப்படி இரண்டு இருக்கின்றன. ஓடுபாதையில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியபின் ஒன்று நின்றுபோனாலும், மற்றொன்றைக் கொண்டு மேலே ஏறித் திரும்பிவந்து இறங்கும்படி விமானத்தை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஏறும்போது

பெரும்பாலும் பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தின் அருகில் விடுவார்கள். ஏறும் வாசல் வால் பக்கம் இருக்கும். பெட்டிகளை முன்பக்கம் ஏற்றுவார்கள். வாலுக்கடியில் ஒரு கம்பியை முட்டுக்கொடுத்திருப்பதைக் காணலாம். எல்லாரும் பின்பக்கமாக ஏறும்போது மூக்கு தூக்கிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. வலது பக்கத்து என்ஜின் இரைந்துகொண்டிருக்க, அதன் விசிறி மட்டும் நின்றிருக்கும். பழுது என்று நினைக்க வேண்டாம். விசிறிக்கு பிரேக் போட்டுவிட்டு, விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் அந்த என்ஜினிலிருந்து மின்சாரமும் காற்றும் எடுக்கிறார்கள்.

கைப்பெட்டி வைக்கும் அறை சிறியது. பெரிய விமானத்தில் நுழைந்த பெட்டி இதில் நுழையாமல் போகலாம். விசிறிகள் முன்பக்க இருக்கைகளுக்கு அருகில் சுழல்வதால் அங்கே இரைச்சல் அதிகம், பின்வரிசையில் குறைவு. இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே பார்க்கலாம். தௌலாதார் பனிமலையைப் பார்க்க அதுவே போதும்.

குலுக்கல்

ஜெட் விமானம் 35,000 அடி உயரத்தில் மேகங்களுக்கு மேலே போகும். இந்த விமானத்தின் உச்சவரம்பே 25,000 அடி. பல சமயம் அதற்கும் கீழே, மேகத்துக்குள்ளேயே போகவேண்டியிருக்கும். எடையும் குறைவு: நிறைந்த ஏ.டி.ஆர். 72 சுமார் 23 டன். நாம் சென்னைக்குப் போகும் ஜெட் 75 டன்னுக்கு மேல். காற்றின் அலை சின்ன ஓடத்தைத் தூக்கிப் போடுவதுபோல இதையும் போடும். இறக்கை அதைத் தாங்கும். ஆனால் பெல்ட் போடாத மனிதர் கூரையில் இடித்துக்கொள்வார். ஆகையால் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். வெயில் ஏறிய பிற்பகலைவிடக் காலையில் மலைக்காற்று அமைதியாக இருக்கும். முடிந்தால் காலை விமானத்தில் டிக்கெட் எடுங்கள்.

"2023 ஜனவரியில் நேபாளத்தில் போக்ராவில் விழுந்து 72 பேர் இறந்ததும் இதே வகைதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆம், இதே வகைதான். விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், இறங்கும் நேரத்தில் ஒரு நெம்புகோலுக்குப் பதில் வேறு நெம்புகோல்களை நகர்த்திவிட்டார்கள். விசிறிகள் காற்றைத் தள்ளும் சக்தியை இழந்துவிட்டன. குலுக்கலால் வந்த விபத்தல்ல அது. குலுக்கல் நமக்குத் தெரிகிறது, பயப்படுகிறோம். உண்மையில் கவனிக்க வேண்டியவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எடை, வெயில், மேகம் ஆகிய மூன்றும் அந்த வகை.

நான் போட்ட சண்டை

முதல் தடவை திரும்பிவரும்போது மே மாதம். கக்கல் கவுண்டரில் ஒரு இளைஞர், "சார், உங்கள் பெட்டிகளில் ஒன்று நாளை விமானத்தில்தான் வரும். இன்று வெயில் ஜாஸ்தி" என்றார். பெட்டிக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நானும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன்தான். இந்தச் சாக்கெல்லாம் என்னிடம் வேண்டாம்" என்று பத்துப் பேர் பார்க்க இரைந்துவிட்டேன். அந்தப் பையன் பதில் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். இறக்கையைத் தூக்குவது காற்றின் அடர்த்தி. கக்கல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர். அந்த உயரத்தில் 35 டிகிரி வெயிலடித்தால், கடல்மட்டத்தில் 15 டிகிரியில் உள்ள காற்றைவிட அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. அப்போது அதே எடையைத் தூக்க 8 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். என்ஜினும் விசிறியும் அதே மெலிந்த காற்றில் வேலை செய்வதால் அந்த வேகம் வர நேரமும் ஆகும். ஓடுபாதை இருப்பது 1,372 மீட்டர். தில்லியின் மிக நீளமான ஓடுபாதை 4,430 மீட்டர். 24 பெட்டி ரயில் வண்டி ஏறத்தாழ 600 மீட்டர் நீளம். இரண்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் கக்கல் ஓடுபாதை கிட்டத்தட்ட முடிந்துவிடும். எரிபொருளைக் குறைக்க முடியாது. ஆட்களை இறக்கலாம், அல்லது பெட்டியை இறக்கலாம். அந்தப் பையன் பெட்டியை இறக்கினார்.

மலைப்பாதையில் இந்த என்ஜின் இத்தனை டன்தான் இழுக்கலாம் என்று நாங்களும் அட்டவணை வைத்திருந்தோம். ஒரு டன்கூட அதிகம் ஏற்றவிட்டதில்லை. அதே விதியை வேறொருவர் என் பெட்டிக்குச் சொன்னபோது நான் சத்தம் போட்டேன்.

திரும்பி வந்த விமானம்

அடுத்த வருஷம் பேரனுக்கு ஆயுஷ்ஹோமம். நல்ல மழைக்காலம். முதல் நாள் விமானத்தில் கிளம்பினோம். ஒன்றேகால் மணி நேரம் பறந்தபின் மேகத்துக்கு மேல் வட்டமிட்டது. பிறகு பைலட், "ஓடுபாதை தெரியவில்லை, தில்லிக்குத் திரும்புகிறோம்" என்றார். ஒரே கூச்சல். "பத்து நிமிஷம் பார்க்கக் கூடாதா? நேற்று இறங்கினார்களே?" என்று ஒருவர் எழுந்தே விட்டார்.

கக்கல், குல்லு, சிம்லா போன்ற நிலையங்களில் பைலட் கண்ணால் பார்த்துத்தான் இறங்கவேண்டும். சுற்றிலும் மலை. திரும்பிவருவதற்கும் சிறிது நேரம் வட்டமிடுவதற்கும் வேண்டிய எரிபொருளைத் தில்லியிலேயே கணக்குப் பார்த்துப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குப்படியே அவர் திரும்பினார்.

எனக்கு ஒரு பழைய மழைக்கால இரவு ஞாபகம் வந்தது. ஒரு பாலத்தை ஒட்டிய கரையில் மண் இளகியதுபோல் தோன்ற, வண்டிகள் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தேன். எல்லா வண்டியும் தாமதம். மேலதிகாரி ஒருவர் போனில், "எடுத்துவிடேன்" என்றார். நான் எடுக்கவில்லை. மழை நின்றது, கரை அப்படியே இருந்தது. நான் விதித்தது அவசியமா, அநாவசியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அந்த வண்டிகளில் இருந்தவர்களும் என்னைத் திட்டியிருப்பார்கள். ஆகவே இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஹோமத்தை மாப்பிள்ளையின் கைபேசி வழியாகப் பார்த்தோம். மனைவி அழுதாள். எனக்கும் வருத்தம்தான்.

சில குறிப்புகள்

1. விசேஷம், பரீட்சை, ஆஸ்பத்திரி என்றால் இரண்டு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் ரயில், பஸ் வழியையும் விசாரித்து வையுங்கள்.

2. இந்த வழித்தடங்களில் சேவைகள் நின்றுபோவதும் மீண்டும் தொடங்குவதும் உண்டு. டிக்கெட் எடுக்குமுன் விமானம் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

3. மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி மறுநாள் வந்தாலும் சமாளிக்கலாம்.

4. வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். வெறும் வயிறும் ஆகாது. இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள். குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

5. வானிலையால் ரத்தானால் நஷ்டஈடு கிடையாது. ஆனால் மாற்று விமானமோ, கட்டணத்தைத் திருப்பித் தருவதோ உங்கள் உரிமை. அதை நிதானமாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பெட்டியை இறக்குகிறவரையும், மேகத்தைப் பார்த்துத் திரும்புகிறவரையும் அவசரப்படுத்தாதீர்கள். அந்தக் கவுண்டர் பையனைப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. "தினம் யாராவது திட்டுவார்கள் சார்" என்று சிரித்துக்கொண்டே என் பெட்டியைத் தராசில் ஏற்றினார்.