உற்பத்திக் கழிவும் ராஜ்யங்களின் மறுப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கம்பெனிகள் மத்திய சர்க்காருக்கு வருமான வரி செலுத்துவதோடு, பெரும்பாலான ராஜ்யங்களுக்கும் தனியே செலுத்துகின்றன. உள்நாட்டில் பொருள் உற்பத்தி செய்வோர் அவ்வருவாயில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு எஞ்சியதற்கு மட்டும் வரி செலுத்தலாமென 2004-இல் மத்தியச் சட்டமொன்று இயற்றப்பெற்றது. 2005-இல் நூற்றுக்கு 3 ஆக இருந்த கழிவு, 2010-இல் 9 ஆயிற்று. கொடுத்த சம்பளத் தொகையில் பாதிக்குமேல் கழிக்கலாகாது என்பது நிபந்தனை. ஆள் வைத்து வேலை வாங்காதவருக்குப் பயனில்லை, நல்ல நிபந்தனைதான்.

அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். ராஜ்யங்கள் பலவும் மத்திய வரிக் கணக்கில் முடிவாகும் வருமானத்தையே தம் கணக்குக்கும் அடிப்படையாகக் கொள்கின்றன. கழிவோ, தேசத்தின் எம்மூலையில் நெய்தாலும் கிடைக்கும். நியூயார்க்கில் வரி செலுத்தும் கம்பெனியின் ஆலை வேறு ராஜ்யத்தில் இருந்தால், வேலை அங்கே. வரி நஷ்டம் நியூயார்க்குக்கு! ஆகவே நியூயார்க், கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் முதலியவை இக்கழிவைத் தம் கணக்கில் ஏற்க மறுத்தன.

2017-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனிகளுக்கு இக்கழிவை நீக்கிற்று. விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ 2018-இல் செய்த திருத்தத்தால் அது மீண்டும் கிடைத்தது. சங்கம் விரும்பினால் தன் கழிவை அங்கத்தினருக்கே மாற்றித் தரலாம். எனினும் அவ்வங்கத்தினர் தம் ராஜ்யம் அதை ஏற்கிறதா என்று தனியே பார்த்தாக வேண்டும்.