நரிக்குக் கொம்பு முளைக்காது

"ஒரிஜினல் நரிக்கொம்பு. கல்லாவில் வைத்தால் பணம் கொட்டும், கோர்ட் கேஸ் ஜெயிக்கும்." முன்பெல்லாம் இந்த வியாபாரம் தெருவோரத்தில் நடந்தது. இப்போது கைப்பேசிக்கே வந்துவிட்டது. நாய்க்கு ஊசி போட வருகிற படித்த மனிதர்கள் படத்தைக் காட்டி, "டாக்டர், இது நிஜமா, டூப்பா?" என்கிறார்கள். நிஜம் என்று ஒன்று இருந்தால்தானே ஐயா டூப்பு வரும்!

கதை சாமர்த்தியமானது. கூட்டத்தின் தலைவனுக்கு மட்டும்தான் கொம்பாம், அதுவும் ஊளையிடும்போதுதான் வெளியே தெரியுமாம். யார் போய்ச் சரிபார்ப்பது? இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னென்ட், அங்குள்ள சிங்களரும் தமிழரும் இதை நம்புவதை 1861-இலேயே எழுதிவைத்தார். அரை அங்குலக் கொம்பு, சுற்றிலும் முடிக்கற்றை, வழக்கில் வெற்றி. அன்றைய விளம்பரத்தைத்தான் இன்றும் ஓட்டுகிறார்கள்.

மாட்டின் கொம்பு நெற்றி எலும்பிலிருந்து வளர்வது. உள்ளே எலும்பு, வெளியே நகத்தைப் போன்ற உறை. நாய், நரி, ஓநாய் எதன் மண்டையிலும் அப்படியோர் எலும்பு கிளைப்பதில்லை. தடவிப் பார்த்தால் உச்சியில் பின்னோக்கி ஒரு மேடு கைக்குத் தட்டுப்படும். அது தாடைத் தசை பற்றிக்கொள்ளும் வரப்பு. உங்கள் வீட்டு நாய்க்கும் உண்டு. தோலில் மருவோ கட்டியோ கெட்டித்துப்போய் நீட்டிக்கொண்டிருந்தால் அது நோய், அதிர்ஷ்டமல்ல. 'தலைவன்' என்பதும் கட்டுக்கதைதான். நரி பெரும்பாலும் ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகக் குடும்பம் நடத்துகிற பிராணி.

அப்படியானால் விற்பது என்ன? குளம்பையோ எலும்பையோ செதுக்கி, முடியுள்ள தோலில் பொதிந்து தைத்தது. "குங்குமத்தில் வைத்தேன், முடி வளர்ந்தது" என்று ஒருவர் சத்தியம் செய்தார். தோல் காயக் காயச் சுருங்கும். முடி நீண்டதுபோலத் தெரியும். அவ்வளவுதான்.

வாங்குகிறவருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். அதில் நரியின் தோல் இருந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். இல்லாவிட்டால் நீங்கள் ஏமாந்தவர். இரண்டில் எது உங்களுக்கு அதிர்ஷ்டம்? விற்கிற ஏழையை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை; காசை நீட்டுகிறவர்தான் முதல் குற்றவாளி. 2020-இல் திருச்சி மாவட்டத்தில் இறைச்சிக்குள் நாட்டு வெடியை வைத்து ஒரு நரியைக் கொன்றார்கள். 12 பேர் கைதானார்கள். பல், தோல், கறி, கொம்பு என்று எதன் பெயரிலாவது சந்தை இருக்கும்வரை வாய் சிதறிச் சாகிற நரிகளும் இருக்கும்.

நரியைப் பற்றிய மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்கா நரியைப் பிடித்து ஊர்வலம் விடுவார்கள். வனத்துறை அபராதம் போடும். யோகம் அந்த மட்டும்தான். ஊளையிட்டால் சாவு விழும் என்பது வீண் பயம். தன் குடும்பத்தைக் கூப்பிடுகிறது, எல்லையை அறிவிக்கிறது. ஆட்டுக்குட்டியை, கோழியைத் தூக்குமா? தூக்கும், பட்டி திறந்துகிடந்தால். ஆனால் அதன் அன்றாடச் சாப்பாடு எலி, செத்த பிராணி, நண்டு, இலந்தைப்பழம். ஐரோப்பாவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்குள்ள நரிகள் ஆண்டுக்கு 13,000 டன்னுக்கு மேல் விலங்குக் கழிவையும் சுமார் 15.8 கோடி எலிகளையும் தீர்ப்பதாகக் கணக்கிட்டது. எலிக்கு விஷம் வைக்கிற விவசாயி இதை யோசிக்கட்டும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது வெறிநோய்க்கு. பகலில் தள்ளாடிக்கொண்டு ஊருக்குள் வந்து கடிக்கிற நரியை நம்பாதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். நம் ஊரில் அந்த நோயை அதிகம் சுமப்பது நாய்தான். காட்டோரத்து நரிக்கும் அதனிடமிருந்து தொற்றும். கொம்புக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு தெரு நாய்க்கூட்டத்துக்கே தடுப்பூசி போட்டுவிடலாம். குறைந்தபட்சம் உங்கள் நாய்க்காவது இந்த ஆண்டு ஊசியைப் போட்டுவிடுங்கள்.