வளைவில் வெளிவிலகும் மோட்டார் வண்டி

வளைவில் செல்லும்போது, ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டியின் முகம் போதிய அளவு திரும்பாமல் வெளிப்புறம் நோக்கி விலகுவதுண்டு. இதனைக் குறைத்திரும்பல் எனலாம். வண்டியின் பின்புறம் வெளியே வீசப்படுமாயின் அது மிகைத்திரும்பல். 1930-களில் இவற்றை ஆராய்ந்து விளக்கிய பொறியியலாருள் மாரிஸ் ஆலி முக்கியமானவர்.

பக்கவாட்டு விசையைத் தாங்கும் டயர், சக்கரம் நோக்கும் திசையிலேயே உருள்வதில்லை. சற்று விலகியே உருளும். அவ்விலகலே நழுவு கோணம். முன்சக்கரங்களின் நழுவு கோணம் பின்சக்கரங்களினுடையதை விட மிகுமாயின் குறைத்திரும்பல் நேரும். எஞ்சினும் இயக்கமும் முன்னச்சிலேயே அமைந்த வண்டிகளில் இது இயல்பு.

இதனைத் திருத்தும் வழி ஒரு சிறு கணக்கில் அடங்கியுள்ளது. பாரம் இருமடங்கானால் டயரின் பிடிப்பு இருமடங்காவதில்லை. எடுத்துக்காட்டாக, 300 கிலோ பாரத்தில் ஒரு டயர் 270 கிலோ பக்கவிசை தருவதாகக் கொள்வோம், இரண்டிற்குமாக 540. வளைவில் உட்சக்கரத்தினின்று 150 கிலோ வெளிச்சக்கரத்திற்கு மாறினால், 450 கிலோ தாங்கும் டயர் 360-உம், 150 கிலோ தாங்குவது 150-உம் தரக்கூடும். கூட்டுத்தொகை 510 மட்டுமே. கரும்பலகையில் இதனை வளைகோடாக வரைந்து காட்டினால் மாணவர் எளிதில் உணர்வர்.

ஒரே வளைவில், ஒரே வேகத்தில், மாறும் மொத்தப் பாரம் ஏறக்குறைய நிலையானது. எனவே முன்னச்சில் வண்டியின் சாய்வைத் தடுக்கும் தண்டை மெல்லியதாக்கினாலோ, பின்னச்சின் தண்டையோ வில்லையோ விறைப்பாக்கினாலோ, மாற்றத்தின் பெரும்பங்கு பின்னச்சிற்குச் செல்லும். முன்டயர்களின் பிடிப்பு உயரும். முன்சக்கரங்களின் மேற்பகுதியைச் சற்றே உட்புறம் சாய்ப்பதும் உதவும். ஆயினும் இவற்றிற்கு முன்னர், டயர்களின் தேய்வையும் காற்றழுத்தத்தையும் சோதித்தல் வேண்டும். பல வேளைகளில் குறை அங்கேயே இருக்கும்!

அளவு மீறுதல் ஆபத்தானது. 1960-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த செவ்ரோலே கார்வேர் என்ற அமெரிக்கக் காரின் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. அதன் மிகைத்திரும்பலை அடக்க, முன்டயரில் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டும் பின்டயரில் 26 பவுண்டும் காற்றழுத்தம் விதிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டைப் பேணாது ஓட்டியவர் இடருற நேர்ந்தது. 1964-ஆம் ஆண்டு மாதிரியில் முன்னச்சில் சாய்வுத் தடுப்புத் தண்டு சேர்க்கப்பட்டது; மேற்கூறிய கணக்கின் மறுபுறமே இது.

திருத்திய வண்டியை ஆளற்ற திறந்த வெளியில், மாறா வட்டத்தில் வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகம் ஏற ஏற ஸ்டியரிங்கைச் சிறிதளவு மேலும் திருப்ப வேண்டியிருப்பது நலம். களப்பணி வண்டியாயின், பின்பகுதியில் முழுப் பாரமும் ஏற்றி இச்சோதனையை மறுபடியும் செய்தல் இன்றியமையாதது. வெறுவண்டியில் பொருத்தமாக இருந்த அமைப்பு பாரத்துடன் மிகைத்திரும்பலாக மாறிவிடலாம்.