விறகுக் கட்டையும் கண்ணாடிக் கட்டியும் கொண்டு சுவர் எழுப்பும் முறை

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்திலும் கனடா தேசத்திலும் காடு வெட்டிக் குடியேறிய விவசாயிகள், அடுப்பெரிக்கும் விறகையே கல்லைப் போல் அடுக்கி வீடும் தொழுவமும் கட்டும் வழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே கைக்கொண்டிருந்தனர். விஸ்கான்ஸினில் ஜென்னிங்ஸ் என்னும் ஊரில் 1899-ஆம் ஆண்டளவில் இவ்விதம் கட்டப்பட்ட மெசிகால்ஸ்கி கடை இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் ராப் ராய் என்பவர் நியூயார்க் மாகாணத்தில் 1981-இல் ஒரு பள்ளி நிறுவி இம்முறையைப் பலருக்கும் கற்பித்தார். பலகை அறுக்க உதவாத கோணல் மரமும் சிறு மரமும் இதற்குப் பயன்படுமாதலால், சொந்தத்தில் காடுடைய விவசாயிக்கு இது சிக்கனமான முறையாகும்.

மரம்

கட்டைகளின் நீளமே சுவரின் கனம். குளிர் மிகுந்த அப்பிரதேசங்களில் 16 அங்குல நீளமுள்ள கட்டைகள் பெரிதும் உபயோகிக்கப்படுகின்றன. பட்டையை முற்றும் உரித்துவிட வேண்டும். இல்லாவிடில் பூச்சிகளும் ஈரமும் அதனடியில் தங்கும். பின்னர்க் கட்டைகளைக் காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் மூடி, ஓராண்டேனும் உலர்த்துதல் அவசியம்.

மரத்தைத் தெரிந்தெடுப்பதில் தவறுவோர் பெருநஷ்டம் அடைவர். மரம் நீளவாட்டில் அதிகம் பருப்பதில்லை, குறுக்குவாட்டிலேயே பருக்கும். கட்டைகள் சுவரில் குறுக்காகக் கிடப்பதால், அவை பருக்குங்கால் சுவர் முழுவதும் நெம்பப்பட்டுச் சாயவுங்கூடும். ஓக், மேப்பிள் போன்ற வன்மரங்களை மிகையாக உலர்த்திக் கட்டினால் இவ்வபாயம் நேரும். ஸீடர், பைன் முதலிய மென்மரங்களில் இது குறைவு. சரியாக உலராத மரமோ பின்னர்ச் சுருங்கிச் சந்து விடும். அச்சந்தைப் பின்னால் அடைத்துக்கொள்ளலாம். சுருக்கத்திற்குப் பரிகாரம் உண்டு. பருத்தலுக்குச் சுவரைப் பிரிப்பதன்றி வேறு பரிகாரம் அரிது.

சாந்து

மணல் 9 பங்கு, மரத்தூள் 3 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 3 பங்கு, சிமிட்டி 2 பங்கு என்பது ராப் ராய் வகுத்த அளவு. மரத்தூளை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறிய தூள் ஈரத்தைச் சிறிது சிறிதாக விடுவதால், சாந்து மெதுவாக இறுகி வெடிப்பின்றி நிற்கும். சுண்ணாம்பு கையைப் புண்ணாக்குமாதலால் ரப்பர் உறை அணிந்தே வேலை செய்தல் நலம்.

அடுக்கும் விதம்

அஸ்திவாரம் தரைமட்டத்திற்கு மேல் ஓரடிக்குக் குறையாமல் உயர்ந்திருத்தல் வேண்டும். 16 அங்குலச் சுவரில் வெளிப்புறம் 5 அங்குலமும் உட்புறம் 5 அங்குலமுமாக இரு வரிசையாய்ச் சாந்திட்டு, இடையிலுள்ள 6 அங்குல வெளியில் 12 பங்கு உலர்ந்த மரத்தூளும் 1 பங்கு சுண்ணாம்பும் கலந்து நிரப்புக. இதுவே குளிரைத் தடுப்பது. சாந்தை முழு அகலமும் பரப்பினால் அதன் வழியே குளிர் உட்புகும். கட்டைக்குக் கட்டை ஏறக்குறைய ஓரங்குலம் இடைவெளி விடுக. வெட்டுமுகங்களின் மேல் சாயமோ பூச்சோ பூசலாகாது. மரம் ஈரத்தை வெளிவிடுவது அவற்றின் வழியேயாம். இறவாரத்தை அகலமாக நீட்டினால் மழை சுவரில் படாது.

கண்ணாடிக் கட்டி

உட்குழிவான கண்ணாடிக் கட்டிகள் ஜன்னலின்றியே வெளிச்சம் தரும். ஆயினும் அவை பாரம் தாங்கா. ஆகையால் மரச்சட்டம் அமைத்து, மேற்பாரத்தை உத்தரம் தாங்கும்படி செய்து, கட்டிகளின் மேலும் பக்கங்களிலும் மெத்தென்ற பொருளால் சிறு இடைவெளியை நிரப்ப வேண்டும். கண்ணாடி ஈரத்தை உறிஞ்சாதாகையால், அதற்கிடும் சாந்து கெட்டியாயிருத்தல் அவசியம். செலவு சுருக்க விரும்புவோர், இரு கண்ணாடிக் குப்பிகளை வாயோடு வாய் பொருத்தி, சுவரின் கனத்திற்கு ஒத்த நீளமாகப் பளபளப்பான அலுமினியத் தகட்டால் சுற்றி, ஒரு கட்டையைப் போலவே பதித்துவிடுகின்றனர்.

எச்சரிக்கை

கறையான் மிகுந்த நம் பிரதேசங்களில் இம்முறையை அப்படியே பின்பற்றுதல் விவேகமாகாது. பரீட்சிக்க விரும்பும் மிராசுதார்கள், உயர்ந்த கல் அஸ்திவாரத்தின் மேல் முதலில் சிறியதொரு கொட்டகைச் சுவரைக் கட்டி, இரண்டு மழைக்காலம் கழித்துச் சோதித்தறிக. குடியிருக்கும் வீட்டைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.