நம்ம கழனி எந்தக் கணக்குல வருது?

"மாடு விடுற ஏப்பமும் நெல்லுக் கழனியும்தான் பூமியைச் சூடாக்குதாமே, நெசமா அண்ணா?" ஆரணியில் நடந்த எங்கள் மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். பாதிப்பேர் சிரிச்சாங்க, பாதிப்பேருக்குக் கோபம். அன்னிக்கு என்னாலயும் சரியாப் பதில் சொல்ல முடியலை. வீட்டுக்கு வந்து, இந்தியா ஐ.நா. காலநிலை அமைப்புக்குக் கொடுத்த அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன்.

முதல் அறிக்கை 1994-ம் ஆண்டுக்கானது. நாடு விட்ட சூடாக்கும் வாயுக்கள், எல்லாவற்றையும் கரியமில வாயுவாக மாற்றிக் கணக்கிட்டால், சுமார் 123 கோடி டன். இதில் எரிசக்தி 61 சதவீதம், வேளாண்மை 28 சதவீதம். 2019-ல் மொத்தம் 313 கோடி டன், காடுகள் உறிஞ்சியதைக் கழிக்காமல். எரிசக்தி கிட்டத்தட்ட 76 சதவீதம், வேளாண்மை 13, தொழிற்சாலைகள் 8, மீதி கழிவுகள். நம்ம பங்கு பாதியாயிடுச்சேன்னு சந்தோஷப்பட வேண்டாம். டன் கணக்கில் வேளாண்மை 34 கோடியிலிருந்து 42 கோடிக்கு ஏறித்தான் இருக்கு. எரிசக்தியோ 74 கோடியிலிருந்து 237 கோடிக்குப் பாய்ந்துவிட்டது. 2020-ல் ஊரடங்கால், காடுகள் உறிஞ்சியதைக் கழித்த நிகர அளவு 8 சதவீதம் இறங்கியது, அது தனிக் கதை.

இந்தத் துறைப் பிரிப்பில்தான் சூட்சுமம் இருக்கு. ஆரணிக்காரங்களுக்குப் பட்டுச் சேலையை வைத்துச் சொன்னால் சுலபம். சரிகை சூரத்திலிருந்து லாரியில் வருது. அந்த டீசல் எரிசக்திக் கணக்கு. விசைத்தறியில் நெய்தால் அந்த மின்சாரமும் எரிசக்திக் கணக்கு. சாயப் பட்டறை அடுப்பில் எரியும் விறகின் கரியமில வாயு மொத்தத்தில் சேராது; மரம் திரும்ப வளரும் என்று ஓரமாக எழுதி வைக்கிறார்கள். சேலை என்று ஒரு தலைப்பே கிடையாது.

நெல்லும் அப்படித்தான். பம்புசெட் ஓட அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி எரிசக்திக் கணக்கில் போகுது. யூரியா தயாரிக்கும்போது வரும் புகை தொழிற்சாலைக்கும் எரிசக்திக்கும் போகுது. மண்ணில் போட்ட பிறகு கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு மட்டும்தான் வேளாண்மைக்கு. ஆக, வேளாண்மை என்ற தலைப்பின் கீழ் நிற்பது மாடு, எரு, நீர் தேங்கிய கழனி, மண், தாள் எரிப்பு, அவ்வளவே. யூரியா மூட்டையை நாம கைவிட்டதில் மிச்சமாகும் ஒரு பகுதி நம்ம பெயரில் வராமலே போயிடுது.

2016 கணக்குப்படி வேளாண்மைப் பங்கில் பாதிக்கு மேல் மாடுகளின் இரைப்பையிலிருந்து வருவது. நெல் வயல் 17 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நாட்டின் மொத்தத்தில் பார்த்தால் நூற்றுக்கு இரண்டரை. தம்பிக்கு என் பதில் இதுதான்: பொய்யில்லை, ஆனா 'தான்' தப்பு.

இனி வரப்போகும் காலம்? 2070-ல் நிகரம் பூஜ்யம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்தார். 2030-க்குள் 2005-ஐவிட 45 சதவீதம் குறைப்போம் என்பது அடுத்த வாக்குறுதி. இங்கே கவனிக்கணும்: குறைவது மொத்தமல்ல, உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் புகை. ஒரு சேலைக்கு ஆகும் விறகைக் குறைக்கிறேன் என்று பட்டறைக்காரர் சொல்வது மாதிரி. சேலைகளின் எண்ணிக்கை கூடினால் மொத்த விறகும் கூடும். 2020 வரை இந்த விகிதத்தில் 36 சதவீதம் குறைந்திருக்கிறது. மொத்தம் ஏறிக்கிட்டேதான் வந்திருக்கு.

இனி நம்ம பக்கத்துக் குறையையும் பேசணும். நீர் தேங்கிய சேற்றில் காற்று புகாது. அங்கே மட்கும் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் மீத்தேனை விடுகின்றன. நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடாக்கும். நட்ட கழனிக்குள் எதைப் போட்டோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். உலக நாடுகள் கணக்கெழுதப் பின்பற்றும் 2006 வழிகாட்டியில், நடவுக்கு முந்தின முப்பது நாளுக்குள் மடக்கி உழுத வைக்கோலின் வேகத்தை 1 என்று வைக்கிறார்கள். அதையே முப்பது நாளுக்கு முன் உழுதால் 0.29. பசுந்தாள் உரம் 0.50. தொழு உரம் 0.14. மட்கிய கம்போஸ்ட் 0.05. வைக்கோலுக்குக் காய்ந்த எடை, மற்றதுக்குப் பச்சை எடை. தக்கைப்பூண்டு ஏக்கருக்கு டன் கணக்கில் விளையும், அதனால் 0.50 சின்ன எண் இல்லை. இதைப் படிச்சப்ப எனக்கே கொஞ்சம் சுருக்குன்னு இருந்தது; வருஷா வருஷம் மடக்கி உழுதவன் நான்.

தக்கைப்பூண்டை விடச் சொல்லலை. அதை மடக்கிய கழனியில் தண்ணியை இடைவிடாமல் நிறுத்தாதீங்க என்கிறேன். காய்ச்சலும் பாய்ச்சலும் முறை நமக்குப் புதிதல்ல, ஒற்றை நாற்று நடவு செய்பவர்கள் செய்வதுதான். துளையிட்ட பிவிசி குழாயைக் கழனியில் பதித்து, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் மறுபடி 5 செ.மீ. நிற்கப் பாய்ச்ச வேண்டும். பலமுறை காயவிட்டால் மீத்தேன் சுமார் பாதியாகும் என்கிறது அதே வழிகாட்டி. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது, பதராகிவிடும். காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடும். யூரியா கொட்டும் கழனியில் அது அதிகம், எருவிலும் தழைச்சத்து இருப்பதால் நமக்கும் முழு விலக்கு இல்லை.

இந்த நவரைக்கு நான் வைக்கோலைக் கழனியில் உழப்போவதில்லை. மாட்டுக்குப் போட்டு, மிச்சத்தைச் சாணத்தோடு குழியில் மட்கவைத்து, கம்போஸ்டாகப் போடுவேன். தக்கைப்பூண்டு ஒரு பாத்தியில் மட்டும், குழாயோடு. அறுப்பு முடிந்ததும் இரண்டின் மகசூலையும் கூட்டத்தில் சொல்கிறேன்.