கோல் சென்டரில் சேருமுன்: மட்டக்களப்பு இளையோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லடியிலோ ஏறாவூரிலோ ஒரு பிள்ளைக்குக் கோல் சென்டர் வேலை கிடைத்தால் வீட்டில் மறுப்பே வராது. வெயில் இல்லை, ஏசி இருக்கு, கதிரையில் இருந்து கதைக்கிற வேலைதானே என்பார்கள். ஆனால் காது, தொண்டை, முதுகு, நித்திரை நாலும் சேர்ந்து தேய்கிற வேலை இது. இரத்தம் வராததால் முறைப்பாடும் வருவதில்லை.

படி 1: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

சம்பளத்தோடு ஷிஃப்ட் நேரம், இடைவேளை, இரவு வாகனம் மூன்றையும் கேளுங்கள். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அலுவலகங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு உரியது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம். நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்குச் சம்பளம். கழிவறைக்குப் போன நிமிடங்களை எண்ணிப் புள்ளி வெட்டுகிற இடமென்றால் வேறு இடம் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். சிறுநீர்த் தொற்றும் தொண்டை வறட்சியும் அப்படித்தான் தொடங்கும்.

படி 2: ஹெட்செட்டை உங்களுடையதாக்குங்கள்

ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறும் ஹெட்செட்டின் பஞ்சை ஒருதரம் கழற்றிப் பாருங்கள். தலை எண்ணெய், வியர்வை, மாரி ஈரம் எல்லாம் அதற்குள் ஊறியிருக்கும். காதில் பூஞ்சணம் பிடிக்க இது போதும். சொந்தப் பஞ்சு ஒரு சோடி வாங்கி வைத்து, அடிக்கடி மாற்றுங்கள். ஒற்றைக் காது ஹெட்செட் என்றால் இடையிடையே மறுகாதுக்கு மாற்றுங்கள்.

சத்தத்தையும் கவனியுங்கள். கிழமைக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்து மேசை இரைச்சலை வெல்ல வால்யூமைக் கூட்டுவதுதான் இங்கே நடக்கிற பிழை. அதைவிடக் கொடியது, லைனில் திடீரென்று வரும் கீச்சொலி. காது வலி, அடைப்பு, இரைச்சல் நாள் கணக்கில் நிற்கலாம். கேள்திறன் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அப்படி நடந்தால் ஹெட்செட்டை உடனே கழற்றி, நேரத்தையும் அழைப்பு இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: தொண்டை

தேத்தண்ணி தண்ணீருக்கு ஈடாகாது. வெறும் தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள். தொண்டை கட்டினால் குசுகுசுத்துச் சமாளிக்காதீர்கள், அது இன்னும் வருத்தும். கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பாருங்கள்.

படி 4: கதிரை

கால் தரையில் பதிய வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டம், தூரம் ஒரு கை நீளம். இதைச் சரிசெய்ய முதல் நாளே பத்து நிமிடம் போதும்.

படி 5: மாரியும் மின்வெட்டும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. வாவிக்கரைக் கட்டிடங்களில் ஐப்பசி தொட்டு ஈரம் ஏறும். நனைந்த தரையில் மல்டி பிளக்கை விடாதீர்கள். கரண்ட் போனதும் ஜெனரேட்டரை ஜன்னலோரமோ நடைவழியிலோ ஓடவிடுவார்கள். அதன் கார்பன் மோனொக்சைடுக்கு மணமில்லை, மூடிய அறைக்குள் ஆளைக் கொன்றுவிடும். பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால் முதலில் வெளியே வாருங்கள்.

மூடிய அறையில் இருமலும் பரவும். 2020 மார்ச்சில் சியோலில் ஒரு கட்டிடத்தின் 11ஆம் மாடியில் வேலை செய்த 216 பேரில் 94 பேருக்குக் கோவிட் தொற்றியது. பெரும்பாலானோர் ஒரே பக்கத்தில் நெருங்கி இருந்த கோல் சென்டர்காரர்.

படி 6: இரவு ஷிஃப்ட்

வெளிநாட்டு அழைப்புகள் அந்த நாட்டு நேரப்படிதான் வரும். லண்டனில் காலை 9 என்றால் நமக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, நியூயோர்க்கில் காலை 9 என்றால் நமக்கு இரவு 7.30. கிழமைக்குக் கிழமை மாறும் ரோஸ்டரைவிட நிலையான ஒன்றே உடம்புக்கு நல்லது. விடியப்புறம் நித்திரைத் தூக்கத்தில் மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலம் தாண்டாதீர்கள், வாகனம் கேளுங்கள்.

படி 7: ஏச்சு

ஊத்தை வார்த்தை பேசுகிற ஆளை ஒருதரம் எச்சரித்த பின் அழைப்பைத் துண்டிக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். மனம் தாங்காவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் உண்டு.

படி 8: எழுத்தில் கொடுங்கள்

வாயால் சொன்னது சுப்பர்வைசரோடு நின்றுவிடும். திகதி போட்ட மின்னஞ்சல், ரோஸ்டர் படம், வைத்தியத் துண்டு மூன்றையும் சொந்தப் போனில் வையுங்கள். மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போனால் முதலில் கேட்பது இவற்றைத்தான். நியமனக் கடிதத்தின் பிரதியையும் கொண்டுபோங்கள்.