அப்பன் நாடு பிள்ளைக்கு இல்லை

கேள்வி: குரோசவா படங்களில் சாமுராய்கள் பதவிக்காக ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கிறார்கள். நம் திருவனந்தபுரத்தில் அப்படி ஒரு உள்நாட்டுப் போர் நடந்ததுண்டா? (வாசகர், கரமனை)

பதில்: கரமனையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் இறங்குங்கள். கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பட்டுப்போன பலாமரத்தைக் காட்டுவார்கள். எதிரிகள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா ஒளிந்த பொந்து அதுதான் என்பது ஊர்ப்பேச்சு.

துரத்தியவர்கள் வேறு யாருமில்லை, அவருடைய தாய்மாமன் ராஜா ராமவர்மாவின் பிள்ளைகளான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும்தான். வேணாட்டில் (பின்னாளில் திருவிதாங்கூர்) மருமக்கத்தாயம். ராஜா கண்ணை மூடினால் பட்டம் சகோதரி மகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைக்குத் ‘தம்பி’ என்ற பெயரும் கொஞ்சம் சொத்தும் மிஞ்சும். குரோசவாவின் ‘ரான்’ (1985) படத்தில் அப்பன் பங்கிட்டுக் கொடுத்த நாட்டுக்காக மகன்கள் மோதுகிறார்கள். இங்கே சண்டை, அப்பன் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாத நாட்டுக்காக. எனக்கு இதுதான் பெரிய நாடகமாகப் படுகிறது.

1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டமேற, தம்பிமார் உரிமை கேட்டு எழுந்தார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், வெங்ஙானூர் என்று நிலமும் ஆளும் அம்பும் வைத்திருந்த பிரபுக்கள் இவர்கள். (கழக்கூட்டம் என்றால் இன்று டெக்னோபார்க்தான் ஞாபகம் வருகிறது.) ராஜா பலம் பெற்றால் தங்கள் பிடி போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான், போரில்தான் தோற்றார்கள். தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமாரைத் தூக்கிலிட்டு, அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரைக்காரர்களுக்கு விற்றதாகச் சொல்லப்படுகிறது.

கேள்வி: அதை யாராவது படம் எடுத்தார்களா?

பதில்: எடுத்தார்கள், பேசாப் பட காலத்திலேயே. சி.வி. ராமன் பிள்ளை 1891இல் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மலையாள நாவலை வெளியிட்டார். அதை நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கினார். 1933இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் வந்தது. சுந்தர்ராஜ், மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே.சி. டேனியலின் உறவினர். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது.

படம் வந்ததுமே வழக்கும் வந்தது. நாவலின் உரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. கேட்காமல் எடுத்தார்கள் என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போக, படப்பெட்டி புத்தகக் கடைக்குள் போய் முடங்கியது. தயாரிப்பாளர் பாடு திண்டாட்டம். ஆனால் ஓடித் தேயாமல் அது தப்பியதும் அதனால்தான். 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்தியப் பேசாப் படங்களில் பிழைத்திருப்பவை மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

கேள்வி: நாவலும் படமும் சொல்வது நியாயமான கதைதானா?

பதில்: ஜெயித்தவர் கதை. தம்பியும் பிள்ளைமாரும் அதில் வில்லன்கள்தான். குரோசவாவின் ‘ககேமுஷா’ (1980) 1575இல் நாகஷினோவில் தோற்ற டகேடா குலத்தின் பக்கம் நின்று சொல்லப்பட்ட கதை. நம் சினிமா தோற்றவர் பக்கம் அப்படி நிற்கவில்லை. வில்லுப்பாட்டு நின்றது. நாஞ்சில் நாட்டில் பாடப்படும் ‘தம்பிமார் கதை’யில் நாயகர்கள் அந்த இரு சகோதரர்களே. அங்கே சண்டையின் வேர் பெண் கேட்ட விவகாரம். ராஜா, தம்பிமாரின் தங்கையைக் கேட்கிறார், அவள் பிள்ளைக்குப் பட்டம் தருவதாக ஒப்பவில்லை, பெண் கொடுக்க மறுக்கிறார்கள், பகை மூள்கிறது. சரித்திரமாக இதை நம்ப வேண்டாம். ஆனால் மருமக்கத்தாயம் பெற்ற பிள்ளையின் வயிற்றில் மூட்டிய எரிச்சலை நாவலைவிட இந்தப் பாட்டு நன்றாகச் சொல்கிறது. நாகர்கோவில் பக்கம் கோயில் கொடையில் இதைப் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் விடிய விடிய உட்கார்ந்து கேளுங்கள். போனில் பதிவுசெய்தும் வையுங்கள்.